உறவுக்காரரின் விடுதியோடு தொழிலை முடித்துக்கொள்வது எப்படி?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் சிறியதொரு சலவை நிலையம் நடத்துகிறேன். நிலாவெளிப் பக்கத்திலுள்ள விடுதியொன்றின் படுக்கை விரிப்புகளையும் துவாய்களையும் சில வருடங்களாக வெளுத்துக் கொடுக்கிறோம். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. பில் தொகை மாதக்கணக்கில் நிலுவையில் நிற்கிறது. இரவில் துணியை அனுப்பி விடியுமுன் கேட்கிறார்கள். பழைய கறைகளுக்கும் எங்கள் ஆட்களையே ஏசுகிறார்கள். உரிமையாளர் என் மனைவி வழி உறவினர். பகை வராமல் எவ்வாறு விலகலாம்?

பதில்: வேலையை நிறுத்துவதையும் காசை அறவிடுவதையும் ஒரே பேச்சில் கலக்காதீர்கள். கலந்தால், பாதித் தொகையைக் கையில் தந்து உங்களைத் தொடர வைப்பது அவருக்கு எளிதாகிவிடும்.

கிழக்குக் கரையில் பயணிகள் பெரும்பாலும் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை வருவதால், ஓகஸ்டில் அறைகள் நிரம்பியிருக்கையில் கைவிடுவது முறையன்று. அச்செய்தி மற்ற விடுதிக்காரர்களின் காதுக்கும் போகும். ஒக்டோபர் தொடக்கத்தில் அறிவித்து, மாத இறுதியில் முடித்துக்கொள்ளுங்கள். (மாரி மழையில் அவருடைய துணிகளை உலர்த்தும் பாடும் உங்களுக்கு மிச்சமாகும்.)

உறவினர் என்பதால், கடிதம் உங்களுக்கு முந்திப் போகக்கூடாது. நேரில் சென்று சொல்லிவிட்டு, அன்றே கடிதத்தைக் கொடுங்கள். கோயில் வீதியிலோ கலியாண வீட்டிலோ இப்பேச்சை எடுக்கவேண்டாம். கடிதம் இவ்வளவு போதும்: “உங்கள் விடுதிக்குத் தேவையான வேகத்தில் வேலை செய்து தர எங்களிடம் ஆட்கள் போதாமையால், ஒக்டோபர் 31 ஆம் திகதியுடன் இவ்வேலையை நிறைவு செய்கிறோம். அதுவரை வழமைபோல் துணிகளை எடுப்போம். இதுவரை தந்த ஆதரவுக்கு நன்றி.” இதில் பொய்யும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. கறை, ஏச்சு, தாமதம் என்று ஒன்றை எழுதினாலும் அதற்கு மறுப்பு வரும். மறுப்புக்குப் பதில் எழுதும்போதுதான் உறவு கெடும். விலையை இரட்டிப்பாக்கினால் தாமாகவே போய்விடுவார்கள் என்று சிலர் சொல்லும் யோசனையையும் நான் ஏற்கமாட்டேன். அவர் சம்மதித்துவிட்டால், கூடிய விலையில் கூடிய கடன்தான் மிஞ்சும்.

நிலுவைக்காகத் துணிகளைப் பிடித்து வைக்காமல், இறுதி நாளில் எண்ணிக் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். கணக்கறிக்கையைத் தனியாகப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எழுத்து மூல ஒப்பந்தமின்றிச் செய்த வேலைக்கான கூலியைக் கோரும் வழக்கை, அத்தொகை செலுத்தவேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் தொடரவேண்டும் என்பது வழக்குத் தொடர்வதற்கான கால எல்லைகளை வகுக்கும், இலங்கையின் 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் விதி. ஆகவே உறவுக்காகப் பொறுத்திருப்பதற்கும் எல்லை உண்டு. கடனை ஒப்புக்கொண்டு அவர் கையொப்பமிட்டுத் தரும் கடிதம் அக்காலக்கணக்கைப் புதிதாகத் தொடங்கவைக்கும் என்பதால், தவணை கேட்டால் எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள். அதற்கும் இணங்காவிட்டால் பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபைக்குச் செல்லலாம்; சிறு தொகைகளுக்கு நீதிமன்றத்துக்கு முன் அங்குதான் செல்லவும் வேண்டும்.

அடுத்த பருவத்தில் அவசரமென்று அவர் அழைத்தால், பழைய நிலுவை தீர்ந்திருந்தால் மட்டும், பகலில் துணியை ஏற்று, திருப்பிக் கொடுக்கும்போதே காசை வாங்குங்கள்.