மாடி ரூம் அனலா கொதிக்குது, ஃபோம் நானே ஒட்டலாமா?

மதுரைல இருந்து ஒருத்தர் கேட்டிருக்கார். சொந்த வீடு, மேல் மாடி பெட்ரூம் 200 சதுர அடி, ராத்திரி 11 மணிக்கும் தளத்துல இருந்து அனல் இறங்குது, குழந்தை தூங்கவே மாட்டேங்குது. ஹார்டுவேர் கடைல விக்கற ஃபோம் ஸ்ப்ரே டப்பாவை சீலிங்ல அடிச்சுடலாமா, இல்ல தெர்மாகோல் வாங்கி தானே ஒட்டிடலாமான்னு கேக்கறார்.

மொதல்ல அந்த டப்பாவை கடையிலயே வச்சிட்டு வாங்க. அது ஜன்னல் ஃபிரேம் சந்து, ஏசி பைப் போற ஓட்டை இதையெல்லாம் அடைக்கறதுக்கு உள்ளது. 750 மில்லி டப்பா ஒண்ணு நல்லா பொங்கினா சுமார் 40 லிட்டர் வரும், உங்க ரூமுக்கு 2 இஞ்ச் கனத்துக்கு 900 லிட்டருக்கு மேல வேணும், கணக்கு போட்டுக்கோங்க. காசு கூட போகட்டும், பெரும்பாலான டப்பால ஃபோமை வெளிய தள்ற கேஸ் தீப்பிடிக்கற கேஸ், மூடின ரூமுல அத்தனை டப்பா அடிச்சா ஒரு ஸ்விட்ச் பொறி போதும். அதுல இருக்கற ஐசோசயனேட்ங்கற கெமிக்கல் நுரையீரலுக்கும் ஆகாது, ஒருதடவை அலர்ஜி ஆயிடுச்சுன்னா அப்புறம் லேசா பட்டாலே இழுப்பு வந்துடும். மெஷின் வச்சு அடிக்கற ஸ்ப்ரே ஃபோம் தனி வேலை, அதுக்குன்னு பழகின ஆள் முழு முகமூடி போட்டுக்கிட்டுத்தான் செய்யணும்.

தெர்மாகோலை சீலிங்ல அப்படியே ஒட்டறதும் வேணாம்ங்க. தீ பட்டா உருகி சொட்டும், கரும்புகை கக்கும், கீழ குழந்தை படுத்திருக்கும். ஒரு வீட்டுல செருப்புக்கு ஒட்டற மஞ்சள் ரப்பர் பசையைத் தடவி ஒட்டியிருந்தாங்க, முன்பக்கம் பாக்க பளிச்சுனு வெள்ளையா இருந்துச்சு, ஒரு வாரத்துல ரெண்டு ஷீட் கழண்டு விழுந்ததும் எடுத்துத் திருப்பிப் பார்த்தா பின்பக்கம் பூரா கரையான் அரிச்ச கட்டை மாதிரி குழி குழியா கரைஞ்சு போயிருக்கு. அந்தப் பசைல இருக்கற சால்வென்ட் தெர்மாகோலை கரைச்சிடும், பெட்ரோல் கரைக்கற மாதிரியே.

உங்க பிரச்சனை எங்க இருக்குன்னா, 5 இஞ்ச் கான்கிரீட் பகல் பூரா வெயிலை குடிச்சு வச்சுக்கிட்டு சாயங்காலத்துல இருந்து கீழ விடுது. ஃபோமை கீழ ஒட்டினா ரூமுக்கு பலன் இருக்கும், இல்லன்னு சொல்லல, ஆனா தளம் வழக்கம் போல காஞ்சு விரிஞ்சு, ராத்திரி சுருங்கி, வெடிப்பு விட்டுக்கிட்டேதான் இருக்கும், ஒழுகினாலும் ஃபோம் மறைச்சிடும். வெயில் தளத்தைத் தொடறதுக்கு முன்னாடியே மறிக்கணும், அதனால ஃபோம் போக வேண்டிய இடம் மொட்டை மாடி.

அதுக்கு சாதா தெர்மாகோல் வேணாம், எக்ஸ்பிஎஸ் போர்டு (தெர்மாகோல் பிளாஸ்டிக்லயே நெருக்கமா செஞ்ச ஃபோம் பலகை) வாங்குங்க. கெட்டியா இருக்கும், தண்ணி குடிக்காது. 2 இஞ்ச் எக்ஸ்பிஎஸ் மறிக்கற சூட்டை கான்கிரீட்டை வச்சே மறிக்கணும்னா சுமார் 8 அடி கனம் போடணும். 1.25 மீட்டருக்கு 0.6 மீட்டர் சைஸ் போர்டு ஒண்ணு 8 சதுர அடி வரும், ரூமுக்கு 25, ஆனா ரூம் அளவோட நிறுத்தாம சுத்தி 2 அடி கூடுதலாவே போடுங்க, இல்லன்னா ஓரத்து தளம் வழியா சூடு உள்ள வந்துடும்.

முதல்ல வாட்டர்ப்ரூஃபிங் பண்ணி 2 நாள் தண்ணி கட்டிப் பாருங்க. இதை மட்டும் அவசரப்பட்டு விட்டுடாதீங்க, பின்னாடி ஒழுகினா எல்லாத்தையும் பேத்தெடுக்கணும். அப்புறம் போர்டை செங்கல் அடுக்கற மாதிரி ஜாயின்ட் தள்ளித் தள்ளி இடைவெளி இல்லாம அடுக்குங்க. வெட்டறதுக்கு கட்டர் கத்தியால பாதி ஆழம் கீறி முழங்கால்ல வச்சு ஒடிச்சா நேரா ஒடியும். அடுக்கின அன்னைக்கே மூடிடுங்க, வெயில்ல கிடந்தா மேல்பக்கம் பொடியா உதிரும், ஆடிக் காத்துல பறந்தும் போகும். இதுவரை நீங்களே செய்யலாம்.

மேல ஜியோடெக்ஸ்டைல் துணி (கட்டட வேலைக்குன்னு வர்ற செயற்கை நூல் துணி) விரிச்சு, கோழி வலை வச்சு 2 இஞ்ச் கான்கிரீட், அதுக்கு மேல தட்டோடு, இதெல்லாம் மேஸ்திரி வேலை. பைப் வாய்க்கு தண்ணி வாட்டம் கொடுக்கச் சொல்லி பக்கத்துல நின்னு பாருங்க. கான்கிரீட் மட்டுமே சதுர அடிக்கு 11 கிலோ கிட்ட ஏறும், தட்டோடு தனி, அதனால சீலிங்ல பூச்சு உதிர்ந்து கம்பி தெரியற இடம் இருந்தா வேலையை ஆரம்பிக்காம முதல்ல இன்ஜினியரைக் கூப்பிட்டு காட்டுங்க.

கத்திரிக்குள்ள இவ்வளவும் முடியாதுன்னா இப்போதைக்கு மாடியை நல்லா கூட்டிக் கழுவி, சுண்ணாம்பை ஊறவச்சு வடிகட்டி கொஞ்சம் ஃபெவிகால் கலந்து 2 கோட் அடிச்சிடுங்க, வெயிலைத் திருப்பி அனுப்பிடும், ராத்திரி வித்தியாசம் தெரியும். சுண்ணாம்பு கண்ணுல படாம பாத்துக்கோங்க. பின்னாடி வாட்டர்ப்ரூஃபிங் பண்றப்போ அந்தச் சுண்ணாம்பை கம்பி பிரஷ் போட்டு சுத்தமா சுரண்டிடுங்க, அது மேல அடிச்சா ஒட்டாது.