மாரி மழையும் மோட்டார் சைக்கிளும்: வாசகர் கேள்விகள்

ஐப்பசி பிறந்தால் வன்னியில் கிரவல் ரோடெல்லாம் சேறுதான். தூர ஓட்டம் குறைகிற இந்த இரண்டு மூன்று மாதம்தான் சைக்கிளைக் கழற்றிப் பார்க்க நல்ல காலம். இந்த முறை வந்த கேள்விகளில் நான்கு.

குளம் நிரம்பி வான் பாய்ந்த தண்ணீருக்குள் இறங்கிச் சைக்கிள் நின்றுவிட்டது. காய்ந்த பிறகு ஸ்டார்ட் பண்ணலாமா? (ஒட்டுசுட்டான்)

உடனே வேண்டாம். எயார் பில்டர் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. செல்ஃபை அழுத்தினாலோ தள்ளி ஸ்டார்ட் பண்ணினாலோ பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடலாம். பிளக்கைக் கழற்றி, சாவியை ஓஃப் பண்ணிவிட்டு, பத்துப் பதினைந்து தரம் கிக்கரை மிதியுங்கள். ஓட்டை வழியே தண்ணீர் சீறிக்கொண்டு வரும். முகத்தை அந்தப் பக்கம் வைக்காதீர்கள்.

அப்புறம் ஒயில் கம்பியை உருவிப் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்துவிட்டது. வடித்து, புது ஒயில் விட்டு, சில நிமிடம் ஓடவிட்டு, அதையும் வடித்து மறுபடி மாற்ற வேண்டும். இரண்டு தரம் ஒயிலுக்குச் செலவா என்று மூக்கால் அழுதவர்களுக்கு நான் பிறகு எஞ்சின் இறக்கிக் கொடுத்திருக்கிறேன். கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடியுங்கள், ட்ரம் பிரேக்கைத் திறந்து சேற்றைத் துடையுங்கள்.

பழைய 100 சிசி. அலோய் வீல், எல்ஈடி லைற், சத்தமான சைலன்சர் மூன்றும் போட ஆசை. எது முதலில்? (கிளிநொச்சி)

மூன்றும் இல்லை. முதலில் பிரேக் சூ, பிறகு செயின், பிறகு ரயர். பின் பல்சக்கரத்தின் பின்பக்கத்தில் செயினைப் பிடித்து இழுங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செயினும் இரண்டு பல்சக்கரமும் சேர்த்து மாற்ற வேண்டும். செயினை மட்டும் மாற்றினால் தேய்ந்த பல் புதுச் செயினையும் தின்றுவிடும். ரயர் வாங்கும்போது பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது. பூ (ரோட்டில் படும் வரிகள்) நன்றாக இருந்தாலும் பல வருடம் கடையில் கிடந்த ரயர் வேண்டாம்.

எல்ஈடி? பழைய சைக்கிள் பலவற்றில் ஹெட்லைற்றுக்குக் கரண்ட் பற்றரியிலிருந்து வருவதில்லை, எஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் கொயிலிலிருந்து நேரே வருகிறது. பல்பை மட்டும் மாற்றினால் மினுக்கும். வயரிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். சைலன்சரைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

கொழும்பில் வேலை. சைக்கிள் மூன்று மாதம் வீட்டில் நிற்கும். என்ன செய்துவிட்டுப் போக வேண்டும்? (மல்லாவி)

பெற்றோல் ராங்கை நிரப்பி விடுங்கள், உள்ளே துரு பிடிக்காது. பெற்றோல் கொக்கைப் பூட்டி, கார்புரேட்டரை வடியுங்கள். பற்றரியில் நெகற்றிவ் வயரை முதலில் கழற்றுங்கள், 12.4 வோல்ற்றுக்குக் கீழே போனால் சார்ஜ் போடச் சொல்லுங்கள். பொலித்தீனால் இறுக்கி மூடினால் ஈரம் உள்ளே நின்றுவிடும். தம்பியை விட்டுத் தினம் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ண வைப்பதிலும் பயனில்லை, சூடு ஏறாமல் சைலன்சருக்குள் தண்ணீர்தான் சேரும். முக்கியமாக, நெல் மூட்டை அடுக்கிய அறையில் விடாதீர்கள். எயார் பில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டி, வயரையும் கடித்து வைத்த சைக்கிள் ஒவ்வொரு தையிலும் என் கராச்சுக்கு வருகிறது.

செயினுக்குக் கழிவு ஒயில் பூசலாமா? (மாங்குளம்)

கிரவல் தூசி அதில் ஒட்டி அரைக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, காயவிட்டு, 90ஆம் நம்பர் கியர் ஒயிலை அளவாக விட்டு, வெளியே வடிந்ததைத் துடைத்துவிடுங்கள்.