மீற்றர் சரி, எல்போ கருகுகிறது: படகு இயந்திரக் கேள்வி பதில்

கேள்வி: கொட்பேயில் கட்டியிருக்கும் எங்கள் படகின் மூன்று சிலிண்டர் டீசல் இஞ்சினுக்கு ஹெட் கேஸ்கட் மாற்றினோம். ஹீட் எக்ஸ்சேஞ்சரையும் (கடல்நீரால் இஞ்சினின் நன்னீரைக் குளிர வைக்கும் பகுதி) கழற்றித் துப்புரவாக்கிப் பூட்டினோம். வெப்பமீற்றர் 80 பாகையில்தான் நிற்கிறது. ஆனால் எக்ஸோஸ்ட் எல்போவின் (புகையோடு கடல்நீர் கலக்கும் வளைந்த குழாய்) பெயின்ட் கருகுகிறது. அதற்குப் பின்னால் வரும் ரப்பர் ஹோஸில் கை வைக்க முடியவில்லை. பின்பக்கம் தண்ணீர் வருகிறது, வெள்ளைப் புகையும் கூட.
– படகு உரிமையாளர், திருகோணமலை

பதில்: மீற்றர் காட்டுவது இஞ்சினுக்குள் சுற்றும் நன்னீரின் சூட்டை மட்டும். எல்போவையும் ஹோஸையும் குளிர வைப்பது கடல்நீர். அது குறைந்தாலும், மெதுவாக ஓடும்போது மீற்றர் அசையாது. எல்போதான் முதலில் காட்டிக்கொடுக்கும். உங்கள் வெள்ளைப் புகை பெரும்பாலும் நீராவி, அதாவது தண்ணீர் போதவில்லை.

முதலில் அளந்து பாருங்கள். பின்பக்க வாயில் 20 லீற்றர் வாளியைப் பிடித்து, ஒரே வேகத்தில் ஒரு நிமிடம் ஓட விடுங்கள். கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடலாம். கையேடு இல்லையென்றால் அதே மொடல் பூட்டிய பக்கத்துப் படகில் அதே வேகத்தில் பிடித்துப் பாருங்கள். எல்போவில் ஹோஸைக் கழற்றி அளக்க வேண்டாம்: தண்ணீரில்லாத புகை ரப்பரைச் சீக்கிரமே எரித்துவிடும்.

குறைவாக இருந்தால், திருத்தத்தின்போது எதைக் கழற்றினீர்களோ அங்கிருந்தே தொடங்குங்கள். எக்ஸ்சேஞ்சரின் இரு முனை மூடிகளையும் திறந்தால் குழாய்களின் வாயில் சிலிக்கன் பசைத் துண்டுகள் சிக்கியிருப்பதைப் பலமுறை காணலாம். பசையை அள்ளிப் பூசுவது நம் கராஜ்களில் ஒரு வியாதி. கடல்நீர்ப் பம்புக்குள் சுழலும் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லர் பழையதானால், அதன் உடைந்த இதழ்களும் அங்கேதான் ஒதுங்கும்; இம்பெல்லரில் ஒரு இதழ் குறைந்தால் அந்தத் துண்டு கிடைக்கும்வரை தேடுங்கள். மூடிக்குள் இருக்கும் தடுப்பு கேஸ்கட்டோடு சரியாக அமராவிட்டால் தண்ணீர் குழாய்களுக்குள் போகாமல் குறுக்கே ஓடிவிடும்.

அடுத்தது உறிஞ்சும் பக்கம். கடல்நீரை வடிகட்டும் ஸ்ட்ரெயினரின் மூடியில் உள்ள ஓ-ரிங் (ரப்பர் வளையம்) நசுங்கியிருந்தால் பம்ப் தண்ணீரோடு காற்றையும் இழுக்கும். பம்ப் வெளியேற்றும் பக்கத்தில் கொஞ்ச நேரத்துக்கு ஒளிபுகும் ஹோஸ் ஒன்றைப் பூட்டினால் குமிழி தெரியும். மழைக்காலத்தில் கொட்டியாரக் குடாப் பக்கம் போய் வந்தால், மகாவலி கொண்டுவரும் குப்பைக்காக ஸ்ட்ரெயினரை ஒவ்வொரு முறையும் திறந்து பாருங்கள்.

தண்ணீர் வந்தும் எல்போ கருகினால் அதைக் கழற்றுங்கள். நீர் நுழையும் துளையில் கரியும் உப்பும் கெட்டியாகி, தண்ணீர் ஒரு பக்கமாகவே ஓடும். மறுபக்கம் காய்ந்து எரியும். சுரண்டி எடுத்த பின் உட்சுவரை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மெலிந்து போயிருந்தால் ஒட்டு வைக்காதீர்கள், மாற்றுங்கள். அந்தச் சுவர் ஓட்டையானால் கடல்நீர் சிலிண்டருக்குள் போகும்.

எல்போவுக்கு முன்னால், சிலிண்டர்களின் புகையைச் சேர்க்கும் மனிபோல்ட்டே கருகுகிறதா? அது நன்னீர்ப் பக்கக் கோளாறு. ஹெட் கேஸ்கட்டைத் தலைகீழாகப் பூட்டியதால் நீர்த்துளை அடைபட்டிருக்கலாம், அல்லது மேலே காற்று தங்கியிருக்கலாம். காற்று விடும் ஆணியைத் தளர்த்தி நிரப்புங்கள்.

இவை எல்லாம் சரியென்றால்தான் சிலிண்டருக்குள் டீசல் எரியும் விதத்தைச் சந்தேகிக்க வேண்டும். எக்ஸோஸ்ட் வால்வின் இடைவெளி குறைவு, இஞ்செக்‌ஷன் டைமிங் பிந்தியது, ஏர் பில்ற்றர் அடைப்பு ஆகியவை புகையின் சூட்டை ஏற்றும். கரும்புகையோடு முழு வேகத்தை எட்டாவிட்டால் புரொப்பெல்லரையும் பாருங்கள். பழைய வலைத்துண்டு சுற்றியிருக்கும்.

கேள்வி: திருத்தியபின் இஞ்சின் உடனே ஸ்டார்ட் ஆகவில்லை. திரும்பத் திரும்பச் சுற்றலாமா?
– வாசகர், மூதூர்

பதில்: கடல்நீர் வால்வை மூடிவிட்டுச் சுற்றுங்கள். இஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபோது பம்ப் அனுப்பும் தண்ணீரைத் தள்ளப் புகை இல்லை. அது சைலன்சரில் நிறைந்து சிலிண்டருக்கு ஏறும். ஸ்டார்ட் ஆன உடனே வால்வைத் திறந்துவிடுங்கள்.