மாட்டுக்கறி ஸ்டிர் ஃப்ரை: ரப்பர் ஆவதும் தண்ணீர் விடுவதும்

அடுப்படி கேள்வி – பதில்

சீனப் பாணியில் மாட்டுக்கறியையும் காய்கறியையும் பெருந்தீயில் புரட்டியெடுக்கும் ஸ்டிர் ஃப்ரை பற்றித்தான் இம்முறை அதிகக் கேள்விகள். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: ஹோட்டலில் சாப்பிடும்போது கறி பஞ்சு மாதிரி இருக்கிறது. வீட்டில் அதே சாஸ்களை ஊற்றிச் செய்தாலும் மென்று மென்று தாடைதான் வலிக்கிறது. எந்த மசாலா விட்டுப்போகிறது?
– வாசகி, வாணியம்பாடி

பதில்: மசாலா ஒன்றும் விட்டுப்போகவில்லை. குறை நறுக்குவதில் இருக்கிறது. கறிக்கட்டியை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். விறகில் ரேகை ஓடுவதுபோல ஒரே திசையில் நார் ஓடும். அந்த வாக்கிலேயே நறுக்கினால் ஒவ்வொரு துண்டிலும் நீளமான நார் அறுபடாமல் கிடக்கும், அதைப் பல்தான் அறுத்தாக வேண்டும். குறுக்கே நறுக்கினால் கத்தியே அந்த வேலையை முடித்துவிடும். கனம் 3 மில்லிமீட்டர், ஒரு ரூபாய் நாணயம் இரண்டை அடுக்கி வைத்த அளவு. பச்சைக் கறி கத்திக்கடியில் வழுக்கும் என்பதால் கட்டியை ஃப்ரீசரில் 40 நிமிடம் வையுங்கள். ஓரம் விறைத்து, நடுவில் விரலால் அழுத்தினால் லேசாக அமுங்கும் பதத்தில் எடுத்தால் வெள்ளரிக்காய் போல நறுக்கலாம்.

அடுத்தது ஆப்ப சோடா. ஹோட்டல் மென்மையில் பாதி இதனால் வருவது. 300 கிராம் கறிக்குக் கால் டீஸ்பூன் சோடாவை ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்துப் பிசிறி, 20 நிமிடம் கழித்து நன்றாக அலசிப் பிழிந்து, துணியால் ஒற்றியெடுங்கள். சோடா கறியின் மேற்பரப்பைக் காரத்தன்மைக்கு (உறைப்பு அல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை) கொண்டுபோகிறது. அந்த நிலையில் சூடு பட்டாலும் புரத இழைகள் இறுகப் பின்னிக்கொள்ளாது. உள்ளேயிருக்கும் நீரும் பிழிந்தாற்போல் வெளியேறாது. அளவு கூடினாலோ, அலசாமல் விட்டாலோ சோப்பு வாடை வரும், கறியும் வழவழவென்று ஆகிவிடும். பேக்கிங் பவுடர் இதற்குப் பதிலாகாது. அதில் அமிலமும் கலந்திருப்பதால் காரத்தன்மை அடிபட்டுப்போகும்.

பப்பாளிக்காய் தடவலாமா என்று இன்னும் சிலர் கேட்டிருக்கிறார்கள். பெரிய துண்டுகளாகப் போடும் குழம்புக்கு அது சரி. மெல்லிய துண்டில் பப்பாளியின் நொதி மேற்பரப்பைக் கூழாக்கிவிடும். சட்டி சூடேறும்போது அதன் வேகம் இன்னும் கூடும் என்பதால் வாயில் மாவு மாதிரி இருக்கும். இந்தச் சமையலுக்கு வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊரில் எருமைக்கறிதான் கிடைக்கிறது. அதில் இது வருமா? கடையில் எந்தப் பகுதியைக் கேட்பது?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தாராளமாக வரும். எருமைக்கறி கருஞ்சிவப்பாக இருக்கும், கொழுப்பு பால் வெள்ளை. பசுக்கொழுப்பில் தெரியும் மஞ்சள் சாயல் தீவனத்திலிருக்கும் கரோட்டின் என்ற மஞ்சள் நிறமியால் வருவது. எருமையின் உடல் அதை வைட்டமின் ஏ-யாக மாற்றிவிடுவதால் நிறம் தங்குவதில்லை. தசைக்குள் கொழுப்பு குறைவு. அதனால் அரை நிமிடம் கூடுதலாகத் தீயில் நின்றாலும் வறண்டுபோகும். கவனம் வேண்டியது அங்கேதான்.

முதல் தேர்வு அண்டர்கட். முதுகெலும்பின் உள்பக்கமாக ஓடும் இந்தத் தசைக்கு உழைப்பே கிடையாது, ஆகவே சோடாவும் தேவையில்லை. விலை கூடுதல் என்றால் பின்தொடையின் மேல்பகுதியை, சவ்வை நீக்கித் தரச்சொல்லி வாங்குங்கள். இதற்குச் சோடா அவசியம். கடைக்காரரிடம் முதலிலேயே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: “துண்டு போடாதீங்க, ஒரே கட்டியா கொடுங்க.” அவர் கை பழக்கத்தில் குழம்புக்கு வெட்டுவதுபோல் வெட்டிவிட்டால் நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பிறகு கண்டுபிடிப்பதே பாடு.

கேள்வி: கழுத்துக்கறியைக் குக்கரில் ஐந்து விசில் விட்டு, பிறகு காயோடு வதக்கினால் என்ன?
– வாசகி, சேலம்

பதில்: சாப்பிட நன்றாக இருக்கும், ஆனால் அது வேறு பண்டம். கழுத்து, கீழ்க்கால், மார்பு இவற்றில் சவ்வுத்தன்மையான கொலாஜன் அதிகம். ஈரச்சூட்டில் நீண்ட நேரம் வெந்தால்தான் அது ஜெலட்டினாகக் கரைந்து கறி மெத்தென்றாகும். ஸ்டிர் ஃப்ரையின் இரண்டு நிமிடத்தில் அது நடக்காது. குக்கரில் வெந்த கறியோ, சட்டியில் கிளறும்போதே இழை இழையாகப் பிரியும். கழுத்துக்கறியை மிளகு, சோம்பு, தேங்காய்ச் சில்லு போட்டு வறுவலாகச் செய்துவிடுங்கள். அதற்கென்றே பிறந்த பகுதி அது.

கேள்வி: கறியைச் சட்டியில் போட்டதும் தண்ணீர் விட்டு வேகத் தொடங்கிவிடுகிறது. காயும் துவண்டுபோகிறது. எங்கள் வீட்டில் மின்சார அடுப்புத்தான் உள்ளது. அதுதான் காரணமோ?
– வாசகர், டொராண்டோ

பதில்: அடுப்பு ஓரளவுக்குத்தான் காரணம். சட்டிக்குள் போகும் அளவே பெரிய காரணம். வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் ஏறத்தாழ 2 முதல் 3 கிலோவாட் சூடு தரும். சீன உணவகத்தில் வோக் என்ற உருண்டை அடி வாணலிக்கான அடுப்பு அதைப்போல் பத்து மடங்கு வரை தரக்கூடியது. அங்கே அரைக் கிலோ கறியை ஒரே வீச்சில் போட்டாலும் சூடு இறங்காது. நம் அடுப்பில் 300 கிராமை மொத்தமாகக் கொட்டினால் சட்டியின் சூடு சட்டென்று விழுந்துவிடும். கறியிலிருந்து கசியும் நீர் ஆவியாகிப் போக வழியில்லாமல் தேங்கி நிற்கும். தண்ணீர் நிற்கும் வரை அங்கே 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு ஏறாது. கறி சிவந்து வாசனை பிடிப்பதோ ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல். நீங்கள் வதக்குவதாக நினைத்துக்கொண்டு அவிக்கிறீர்கள்.

ஆகவே 28 சென்டிமீட்டர் வாணலியில் ஒரு தடவைக்கு 150 கிராமுக்கு மேல் வேண்டாம். போட்டதும் பரப்பிவிட்டு 40 நிமிடம்போல் தோன்றும் அந்த 40 விநாடி கரண்டியை எடுக்காமல் இருங்கள். சீனச் சமையல்காரர் சட்டியைத் தூக்கிப்போட்டுப் பிடிப்பது அவருடைய தீக்குச் சரி. உங்கள் அடுப்பில் சட்டியைத் தூக்கினால் சூடுதான் போகும். மின்சார அடுப்பில் உருண்டை அடி வோக் வைக்காதீர்கள், நடுவில் காசளவு இடம்தான் சூடேறும். தட்டை அடி இரும்பு வாணலியை, கனமானதாகப் பார்த்து, வெறுமனே நான்கு ஐந்து நிமிடம் காயவிடுங்கள். புகை எச்சரிக்கை மணி அலறாமலிருக்க ஜன்னலை முன்கூட்டியே திறந்துவையுங்கள்.

காய்க்கும் இதே கணக்கு. கழுவிய ஈரத்தோடு போடக் கூடாது. உப்பைத் தொடக்கத்தில் தூவினால் காயிலிருக்கும் நீர் வெளியே வந்துவிடும். காளான் சேர்ப்பதானால் தனியே வதக்கி நீர் வற்றியபின் கடைசியில் சேருங்கள்.

கேள்வி: ‘தேவையான அளவு’, ‘சிறிது’ என்று எழுதாமல், மூன்று பேருக்குச் சரியான அளவும் நேரமும் தர முடியுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: 300 கிராம் கறி. காய் எல்லாம் சேர்த்து 350 கிராம்: புரோக்கோலி 150 கிராம், கேரட், குடமிளகாய், பெரிய வெங்காயம் ஒவ்வொன்று. பூண்டு நான்கு பல், இஞ்சி ஒரு அங்குலம், இரண்டையும் பொடியாக நறுக்குங்கள். விழுதாக அரைத்தால் ஒட்டிக் கருகும்.

சோடா போட்டு அலசி ஒற்றிய கறியில் லைட் சோயா சாஸ் 2 டீஸ்பூன், சர்க்கரை கால் டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், தண்ணீர் 1 டேபிள்ஸ்பூன் விட்டு, கிண்ணத்தின் அடியில் நீர் நிற்காத வரை பிசையுங்கள். பிறகு கார்ன்ஃப்ளோர் 2 டீஸ்பூன். கடைசியில் எண்ணெய் 2 டீஸ்பூன். இது துண்டுகள் ஒட்டாமல் பிரிய. இந்த வரிசை மாறினால் மாவு நீரை உறிஞ்சிக் கட்டிதட்டும். 20 நிமிடம் ஊறட்டும். கடையில் கார்ன்ஃப்ளோர் என்றே கேளுங்கள், சோளமாவு என்றால் தோசைக்கு அரைத்ததைக் கட்டிக்கொடுத்துவிடுவார்கள்.

சாஸ் கலவை தனிக் கிண்ணத்தில்: லைட் சோயா 1 டேபிள்ஸ்பூன், ஆய்ஸ்டர் சாஸ் 1 டேபிள்ஸ்பூன், நிறத்துக்கு டார்க் சோயா அரை டீஸ்பூன், சர்க்கரை அரை டீஸ்பூன், கார்ன்ஃப்ளோர் 1 டீஸ்பூன், தண்ணீர் 60 மில்லி. உப்பு வேண்டாம். ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸிலேயே 2 கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது, ஆய்ஸ்டர் சாஸின் உப்பும் அதோடு சேரும்.

புரோக்கோலியைக் கொதிநீரில் 45 விநாடி மட்டும் போட்டெடுத்துத் தட்டில் பரப்புங்கள். குவித்து வைத்தால் தன் சூட்டிலேயே வெந்து பழுப்பாகும். இனி அடுப்பு. பற்றவைத்த பிறகு எதையும் நறுக்க நேரமிருக்காது, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தெளித்த நீர்த்துளி முத்தாக உருண்டோடும் அளவுக்கு வாணலி காய்ந்ததும் ஒரு டேபிள்ஸ்பூன் கடலை எண்ணெய். பாதிக் கறியைப் பரப்பி 40 விநாடி, புரட்டி 25 விநாடி. அங்கங்கே பச்சைக் கறியின் சிவப்பு தெரியும்போதே எடுத்துவிடுங்கள். மீதியையும் அப்படியே. சட்டியில் இன்னொரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு வெங்காயம் 30 விநாடி, கேரட் ஒரு நிமிடம், குடமிளகாய் 30 விநாடி. காயை ஓரமாக ஒதுக்கி நடுவில் இஞ்சி பூண்டு 15 விநாடி. புரோக்கோலி, கறி, தட்டில் வடிந்திருக்கும் சாறு எல்லாம் உள்ளே போகட்டும். சாஸைக் கலக்கிவிட்டுச் சட்டியின் ஓரமாகச் சுற்றி ஊற்றுங்கள். கொதி வந்து, கறியின் மேல் பளபளவென்று பூசிக்கொண்டதும் இறக்கிவிடலாம். தீயில் மொத்தம் ஆறு நிமிடம்கூட ஆகாது.

கேள்வி: சாஸ் ஒரு நாள் பசை மாதிரி, ஒரு நாள் ரசம் மாதிரி. ஏன்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கார்ன்ஃப்ளோர் கிண்ணத்தின் அடியில் படிந்துவிடும். கலக்காமல் ஊற்றினால் முதலில் நீர் போகும், கடைசியில் மாவுக் கட்டி விழும். சரியாகக் கெட்டிப்பட்ட சாஸும் நெடுநேரம் கொதித்தால் மறுபடி நீர்த்துவிடும். நீர்த்துப்போனதைப் பார்த்து மேலும் மாவு சேர்ப்பதில்தான் பசை பிறக்கிறது.

கேள்வி: செய்முறைகளில் வரும் எள் எண்ணெய்க்கு நம் நல்லெண்ணெய் போதாதா?
– வாசகி, மதுரை

பதில்: இரண்டும் எள்தான், வாசனை வேறு. சீன எள்ளெண்ணெய் எள்ளை நன்றாக வறுத்து ஆட்டியது, கரும்பழுப்பாக இருக்கும். வதக்க அல்ல, அடுப்பை அணைத்தபின் அரை டீஸ்பூன் வாசனைக்கு மட்டும். அது இல்லையென்றால் ஒரு டீஸ்பூன் எள்ளைப் பொன்னிறமாக வறுத்து மேலே தூவுங்கள். நல்லெண்ணெயை ஊற்றினால் இட்லிப்பொடி ஞாபகம் வரும்.

கேள்வி: புரோக்கோலிக்குப் பதில் இங்கே கிடைக்கும் கைலான் கீரை போடலாமா? எப்போது சேர்ப்பது?
– வாசகி, கிள்ளான்

பதில்: அதுதான் மூலம். தென்சீனத்தின் கான்டனீயச் சமையலில் மாட்டுக்கறியோடு சேர்வது கைலான். அமெரிக்காவின் சீன உணவகங்களில் அந்த இடத்துக்கு வந்தது புரோக்கோலி. இரண்டும், முட்டைக்கோஸும்கூட, ஒரே தாவர இனத்தின் வகைகள். கைலானின் தண்டையும் இலையையும் பிரித்துவிடுங்கள். தண்டின் அடித்தோலைச் சீவி, தடித்ததை நெடுக்காகப் பிளந்து, கொதிநீரில் ஒரு சிட்டிகை சர்க்கரையும் சில துளி எண்ணெயும் விட்டு ஒரு நிமிடம். இலையைக் கடைசி 15 விநாடியில் போட்டு உடனே வடித்துவிடுங்கள். கசப்பு தணியும், பச்சை மாறாது. நன்றாகப் பிழிந்து, மேலே சொன்ன புரோக்கோலியின் இடத்தில் சேருங்கள். கேரட், குடமிளகாய் வேண்டியதில்லை.

கேள்வி: நான்ஸ்டிக் கடாயில் செய்யலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: இந்தச் சமையலுக்கு வேண்டாம். வெறும் கடாய் பெருந்தீயில் சில நிமிடத்திலேயே 260 டிகிரியைத் தாண்டும், அந்தச் சூட்டில் பூச்சு சிதையத் தொடங்கும். பணியாரக்கல், தோசைக்கல் போலப் பழக்கிய இரும்பு வாணலி போதும்.

கேள்வி: உள்ளே சிவப்பாக இருக்கும்போதே எடுக்கச் சொல்கிறார்களே, பயமில்லையா? மிஞ்சியதை மறுநாள் சாப்பிடலாமா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: எடுத்து வைப்பது முடிவல்ல. சாஸோடு சேர்ந்து கொதிக்கும்போது 3 மில்லிமீட்டர் துண்டு முழுவதும் வெந்துவிடும். பரிமாறும்போது சிவப்பு இருக்கக் கூடாது. பச்சைக் கறி ஊறிய கிண்ணத்திலோ தட்டிலோ வதக்கியதைத் திரும்ப வைக்காதீர்கள், ஆபத்து அதில்தான். மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாளே முடித்துவிடுங்கள். அப்போது சாஸ் நீர்விட்டிருக்கும். வாணலியில் ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடி, ஆவி நன்றாகப் பறக்கும் வரை சூடாக்குங்கள். மைக்ரோவேவில் வைத்தால் கறி விறைத்து, முதல் கேள்விக்கே திரும்பிப் போக வேண்டிவரும்.