சிப்பாய்ச் சுவரை எங்கே இடிப்பது? சதுரங்கக் கேள்வி-பதில்

கேள்வி: எதிராளி சிப்பாய்களை ஒவ்வொரு கட்டம் மட்டும் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்கிறார். உள்ளே நுழையவே முடியவில்லை. என்ன செய்வது?

அவசரப்படாதீர்கள். இது ஹிப்போ அமைப்பு. 1966 உலக சாம்பியன் போட்டியில் பெட்ரோசியனுக்கு எதிராக ஸ்பாஸ்கி இதை இரண்டு ஆட்டங்களில் ஆடினார், இரண்டுமே டிரா. நீங்கள் ஆத்திரப்பட்டுச் சிப்பாய்களை முன்னே ஓட்டுவதற்காகத்தான் எதிராளி காத்திருக்கிறார். மையத்தில் இ4, டி4 கட்டங்கள் (எழுத்து நெடுவரிசையை, எண் குறுக்கு வரிசையைச் சொல்லும்) இரண்டும் உங்கள் சிப்பாய்களிடம் இருக்கட்டும். யானைகளை அவற்றின் பின்னால் கொண்டுவாருங்கள். அப்புறம் ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே சிப்பாயால் மோதுங்கள். குதிரையும் பிஷப்பும் சுவரில் முட்டினால் விரட்டப்படும். சுவரைத் திறப்பது சிப்பாயின் வேலை.

கேள்வி: இறுதியாட்டத்தில் மூன்று சிப்பாய்களுக்கு எதிரே மூன்று சிப்பாய்கள். ராஜாக்கள் தூரத்தில் இருக்கிறார்கள். உடைக்க வழி உண்டா?

உண்டு. பலகையை எடுத்து அடுக்கிப் பாருங்கள். வெள்ளைக்கு ஏ5, பி5, சி5. கறுப்புக்கு ஏ7, பி7, சி7. வெள்ளையின் முறை.

நடுச் சிப்பாயை பி6-க்குத் தள்ளுங்கள். கறுப்பு ஏ சிப்பாயால் வெட்டினால் அடுத்து சி6. அதையும் பி7 சிப்பாய் வெட்டினால் ஏ6 போட்டு ஓட வேண்டியதுதான், தடுக்க எந்தச் சிப்பாயும் மிச்சமில்லை. முதலில் சி சிப்பாயால் வெட்டினால் மறுபக்கம்: ஏ6, அதை வெட்டியதும் சி6. இரண்டு சிப்பாய்கள் போகும், மூன்றாவது ராணியாகும்.

ஆனால் கறுப்பு ராஜா எங்கே என்று பார்க்காமல் இதை ஆடினால் ஆட்டமே போய்விடும். ராஜா ஜி8-ல் இருந்தால் பயமில்லை. சி சிப்பாய் ஓடும்போது ஒரு நகர்வு தாமதமாகவே வந்து சேரும். அதே ராஜா எஃப்8-ல் நின்றால் இ7, டி7 என்று வந்து பிடித்துவிடும். ஒரு கட்டம்தான் வித்தியாசம்!

கறுப்பின் முறை என்றால்? பி6 மட்டுமே காப்பாற்றும். ஓரச் சிப்பாயைத் தொட்டால் தோல்வி: ஏ6 ஆடினால் சி6 வரும், சி6 ஆடினால் ஏ6 வரும். பி6 போட்ட பிறகும் கவனம் வேண்டும். வெள்ளை ஏ சிப்பாயால் வெட்டினால் நீங்களும் ஏ சிப்பாயால்தான் திருப்பி வெட்ட வேண்டும். சி-யால் வெட்டினால் சி-யால். மாற்றி வெட்டினால் வெள்ளைக்கு மறுபடி வழி கிடைத்துவிடும்.

கேள்வி: கறுப்பு இ6-ல் தொடங்கும் ஃபிரெஞ்சு டிஃபென்ஸில் வெள்ளையின் இ5 சிப்பாய் கழுத்தை நெரிக்கிறது. அதை எஃப்6 போட்டுத் தாக்கலாமா?

தாக்கலாம், ஆனால் முதலில் அல்ல. இ5-ஐத் தாங்குவது டி4. எனவே முதலில் சி5, பிறகு குதிரை சி6, ராணி பி6 என்று டி4 மேல் எடையைக் கூட்டுங்கள். டி4 ஆட்டம் காண ஆரம்பித்த பிறகு எஃப்6 போட்டால் வலிக்கும். நிறைய பேர் சி5 சிப்பாயை அவசரமாக சி4-க்குத் தள்ளிப் பூட்டிவிடுகிறார்கள். என் கணக்கில் பெரும்பாலும் அது வெள்ளைக்குத் தரும் பரிசு. டி4 மேல் இருந்த அழுத்தம் அத்தோடு முடிந்தது.

கேள்வி: எதிராளியின் காஸ்லிங் (ராஜாவை ஓரமாக ஒதுக்கி யானையை அதன் மறுபக்கம் வைக்கும் நகர்வு) செய்த ராஜாவின் முன்னால் எஃப்7, ஜி6, ஹெச்7. ஹெச்5 போடலாமென்றால் எஃப்6 குதிரை வெட்டிவிடுகிறதே?

வெட்டட்டும். 1974-ல் மாஸ்கோவில் நடந்த கேண்டிடேட்ஸ் (உலக சாம்பியனுடன் மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும்) இறுதிப் போட்டியின் 2-வது ஆட்டத்தில், கோர்ச்னோயின் டிராகனுக்கு (பிஷப்பை ஜி7-ல் வைக்கும் சிசிலியன் தொடக்க முறை) எதிராக கார்ப்போவ் இதைத்தான் செய்தார். 14-வது நகர்வில் ஹெச்5, குதிரை வெட்டியது, அடுத்து ஜி4 போட்டு அதைத் துரத்தினார். சிப்பாய் போனது, ஹெச் ஃபைல் (நெடுவரிசை) திறந்தது. பிறகு டிராகனின் உயிரான அந்த ஜி7 பிஷப்பை ஹெச்6-ல் மாற்றிக்கொண்டு ராணியை அங்கேயே நிறுத்தினார். 14-ல் விட்ட கடனுக்கு 26-வது நகர்வில் ஹெச்7-ல் வசூல். அடுத்த நகர்வோடு கோர்ச்னோய் ஆட்டத்தை விட்டார்.

கார்ப்போவின் ராஜா மறுபக்கம் காஸ்லிங் செய்திருந்ததை மறக்காதீர்கள். உங்கள் ராஜாவும் ஜி1-ல் இருந்தால், ஹெச், ஜி சிப்பாய்களை ஓட்டும்போது உங்கள் வீட்டுக் கதவும் சேர்ந்து திறக்கிறது.

கேள்வி: எல்லாச் சிப்பாய்களும் முகத்தோடு முகம் முட்டி நிற்கின்றன. எனக்கு ஒரு யானை கூடுதல். கம்ப்யூட்டர் எனக்கு நல்ல முன்னிலை என்கிறது, ஆனால் வழியே இல்லை.

கம்ப்யூட்டர் காய்களை எண்ணுகிறது. நுழைய ஓட்டை இருக்கிறதா என்பதில் சில சமயம் ஏமாந்துபோகும். யானை நுழையத் திறந்த ஃபைல் இல்லையென்றால் அந்தக் கூடுதல் யானை பார்வையாளர்தான். ஒரு காயைக் கொடுத்து இரண்டு சிப்பாய்களை எடுத்தால் உங்கள் ராஜா உள்ளே போக முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் டிரா. 50 நகர்வு விதி (வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் 50 நகர்வுகள் போனால் டிரா கேட்கலாம்) நெருங்குகிறதே என்ற பதற்றத்தில் கண்ட சிப்பாயைத் தள்ளாதீர்கள். எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும், வாஸ்தவம்தான். ஆனால் அந்த ஓட்டை வழியாக எதிராளியின் ராஜா வந்துவிடும்.