90 நாளில் நெகட்டிவ் ஆக்கித் தருகிறார்களாம்!

கேள்வி: எனக்கு 30 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பிறப்புறுப்பில் கொப்புளங்கள் வந்தன. புண்ணிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்த தோல் மருத்துவர், ஹெர்பிஸ் டைப் 2 என்றார். ஆண்டுக்கு மூன்று, நான்கு முறை திரும்ப வருகிறது. தை மாதம் கல்யாணம். மனைவிக்குத் தொற்றுமா? குழந்தைக்குப் பாதிப்பு வருமா? 45 ஆயிரம் ரூபாய் கட்டினால் 90 நாளில் ரத்தத்தை நெகட்டிவ் ஆக்கித் தருவதாக ஒரு வைத்தியர் சொல்கிறார். கட்டலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: கட்டாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

இந்த வைரஸ் கீழ் முதுகு நரம்பு முடிச்சுகளில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். அங்கிருந்து அதை விரட்டும் மருந்து அலோபதியிலும் இல்லை, வேறெந்த வைத்தியத்திலும் இல்லை. பிறகு எப்படி 'நெகட்டிவ்' ரிப்போர்ட் காட்டுகிறார்கள்? முதலில் ஐ.ஜி.எம். என்றொரு எதிர்ப்புப் புரதத்தை ரத்தத்தில் அளக்கும் பரிசோதனை எடுக்கச் சொல்வார்கள். அது தானாக ஏறும், தானாக இறங்கும். சில நேரம் வேறு தொற்றுக்குக்கூட பாசிட்டிவ் காட்டும். சூரணம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சில மாதத்தில் இறங்கிவிடக்கூடிய அந்த எண்ணைக் காட்டித்தான் வசூல். பால்வினை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். ஆனாலும் பேருந்து நிலையச் சுவரெல்லாம் நோட்டீஸ்தான், கிழிக்க ஆளில்லை.

லேப்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஹெர்பிஸுக்கு ஐ.ஜி.எம். பார்க்காதீர்கள் என்று அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. எழுதியே வைத்திருக்கிறது. இங்கே அதையும் வேறு சில தொற்றுகளின் பரிசோதனைகளோடு 'டார்ச் பேனல்' என்று சேர்த்துக் கட்டி விற்கிறார்கள், எழுதிக் கொடுக்கும் டாக்டர்களும் இருக்கிறார்கள். உங்களுக்குப் புண்ணிலிருந்தே உறுதியாகிவிட்டது. இனி ஹெர்பிஸுக்காக ரத்தப் பரிசோதனை வேண்டாம். ஒருமுறை எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் மட்டும் பார்த்துவிடுங்கள். டைப் 2 உள்ளவருக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்களுக்கான சுகவாழ்வு மையத்தில் இலவசம்.

மனைவிக்குத் தொற்றுமா? தொற்றலாம், ஆனால் பெருமளவு குறைக்கலாம். நமைச்சலோ சுள்ளென்ற வலியோ தொடங்கிய நிமிடத்திலிருந்து, பொருக்கு உதிர்ந்து தோல் முழுதாக ஆறும்வரை உறவு கூடாது. வாய்வழியும் கூடாது. புண்ணே இல்லாத நாளிலும் சில சமயம் தோலில் வைரஸ் இருக்கும். அதனால் மற்ற நாட்களில் ஆணுறை. அது மூடாத இடத்திலிருந்தும் பரவலாம் என்பதால், வாலாசைக்ளோவிர் 500 மி.கி. தினம் ஒன்று என்று மருத்துவரிடம் பேசுங்கள். ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த தம்பதிகளிடம் நடந்த பெரிய ஆய்வொன்றில், இந்த மாத்திரை பரவலைச் சுமார் பாதியாகக் குறைத்தது. கொப்புளம் வந்தால் ஏழு நாள் மாத்திரையைக் கையில் திணித்து அனுப்பும் நம் ஓ.பி.யில், இதைச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. நீங்களே கேட்டு வாங்கவேண்டியதுதான்.

குழந்தை விஷயத்தைச் சற்று நிதானமாகப் படியுங்கள். ஹெர்பிஸால் மலட்டுத்தன்மை வராது. குழந்தைக்கு முயலும் காலத்தில், புண் இல்லாத நாட்களில் ஆணுறையை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் தொடரலாம். ஆபத்து மிக அதிகமான காலம் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதம். அதுவரை தொற்றாத மனைவிக்கு அப்போது முதன்முறையாகத் தொற்றினால், பிரசவத்தில் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 30 முதல் 50 சதவீதம். பிறந்த குழந்தைக்கு இது உயிருக்கே ஆபத்து. அவருக்கு முன்பே தொற்றியிருந்தால், தாயின் எதிர்ப்பு சக்தி குழந்தைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். அப்போது அந்த வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே. பயப்படவேண்டியது பழைய தொற்றுக்கு அல்ல, அந்த நேரத்துப் புதுத் தொற்றுக்கு. ஆகவே அந்த மூன்று மாதம் உறவே வேண்டாம். உங்களுக்கோ வேறு யாருக்கோ உதட்டில் ஹெர்பிஸ் கொப்புளம் இருந்தாலும் பிறந்த குழந்தைக்கு முத்தம் கூடாது. மகப்பேறு மருத்துவரிடம் முதல் மாதமே சொல்லிவிடுங்கள். வலி எடுக்கும் நேரத்தில் மனைவிக்குப் புண்ணோ, அது வரும் முன் தோன்றும் நமைச்சல், சுள்ளென்ற வலியோ இருந்தால், அல்லது கடைசி மூன்று மாதத்தில் புதிதாகத் தொற்றியிருந்தால்தான் ஹெர்பிஸுக்காக சிசேரியன். 'ஹெர்பிஸ் என்றாலே ஆபரேஷன்தான்' என்று யாராவது தேதி குறித்தால், வேறொரு மருத்துவரைப் பாருங்கள்.

இவ்வளவும் அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் நடக்காது. கல்யாணத்துக்கு முன்பே சொல்லுங்கள், அவரிடம் மட்டும். இரு வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிவைத்துச் சொல்லவேண்டிய அவசியமில்லை. சொல்லத் தயக்கமாக இருந்தால் இருவருமாகத் தோல் மருத்துவரிடம் போங்கள், அவர் சொல்வார். கூட்டமில்லாத மாலை நேரமாகப் பார்த்து முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.