அம்மம்மாவின் சுளகு

கேள்வி: தம்பலகாமத்தில் இருக்கும் என் அம்மா முற்றத்தில் குந்தியிருந்து அரிசி புடைப்பதை, தரம் 10 படிக்கும் என் மகள் வரைந்தாள் (படத்தை இத்துடன் அனுப்பியுள்ளேன்). வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், “கோணேசர் கோயில், கடற்கரை எல்லாம் இருக்க, ஏன் ஏழ்மையை வரைகிறாய்?” என்று கேட்டுவிட்டார். பிள்ளை படத்தை அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– வாசகி, திருகோணமலை

பதில்: முதலில் படத்தை அலுமாரியிலிருந்து வெளியே எடுங்கள். உறவினர் சொன்னது பிழை. அரிசி புடைப்பது ஏழ்மை அல்ல, வேலை. நெல் விளையும் ஊரில் சுளகு பிடித்த கையைப் பார்த்து ஏழ்மைதான் ஞாபகம் வருகிறதென்றால், குறை படத்தில் இல்லை.

இந்தப் புகாரும் பழையதுதான். 1857இல் பிரான்ஸில் மிலே என்ற ஓவியர், அறுவடை முடிந்த வயலில் கதிர் பொறுக்கும் மூன்று பெண்களை வரைந்து காட்சிக்கு வைத்தபோதும் பலர் முகம் சுளித்தார்கள்.

உங்கள் மகளுக்கு நான் காட்ட விரும்புவது வேறொரு படம். ஒல்லாந்து ஓவியர் வெர்மீர் 1660 அளவில் வரைந்த, பால் ஊற்றும் பணிப்பெண். ஒன்றரை அடி உயரம்தான். கைபேசியில் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அவள் நம்மைப் பார்க்கவில்லை, கண் பாலிலேயே இருக்கிறது. சட்டைக் கையை மடித்துவிட்டதால் தெரியும் கையில், கீழே வெயில் பட்ட நிறம், மேலே வேறு நிறம். சுவரில் ஆணி இருந்த ஓட்டையைக்கூட அவர் விடவில்லை. அவள் இடுப்பில் கட்டிய துணியின் நீலம், ஆப்கானிஸ்தான் கல்லை அரைத்து எடுத்தது. அந்தக் காலத்தில் மிகவும் விலை கூடிய நிறம். மாதாவின் உடைக்கென்று ஓவியர்கள் எடுத்துவைத்த அந்த நீலத்தைச் சமையலறைப் பெண்ணுக்குக் கொடுத்தார் வெர்மீர்.

அப்புறம், மகளுக்கும் ஒரு வார்த்தை. முற்றமும் சுளகும் நன்றாக வந்திருக்கின்றன. ஆனால் முகம் கலண்டர் முகம். அம்மம்மாவை ஏன் வெளுப்பாக்கினாள்? தமிழ்நாட்டு ஓவியர் இளையராஜா கிராமத்துப் பெண்களை வரைந்தபோது கறுத்த தோலைக் கறுப்பாகவே விட்டார், வாசல் வழியே வரும் வெளிச்சம் அதில் எப்படி விழுகிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்தார். 2021இல் கொரோனா அவரைக் கொண்டுபோனது நமக்குப் பெரிய இழப்பு. அவர் படங்களில் இளம்பெண்களே அதிகம். உங்கள் மகளுக்குக் கிடைத்திருப்பதோ வயது எழுதிய முகம். அதில் வரைய எவ்வளவோ இருக்கிறது.

அடுத்த முறை தம்பலகாமம் போகும்போது பென்சிலோடு அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். முதல் நாள் கைகள் மட்டும் போதும். சுளகை உதறும்போது பெருவிரல் எங்கே அழுத்துகிறது, மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது என்று பார்த்து வரையட்டும். முகம் பிறகு. படம் முடிந்ததும் பின்பக்கத்தில் அம்மம்மாவின் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதி வையுங்கள். வெர்மீரின் பணிப்பெண் யாரென்று இன்றுவரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது.